விரல், ஸ்கேல், பென்சில்

ஜூன் 12

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடுதான் இருக்கிறேன், கவலைப்படாதே. நீ கவலைப்பட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், பழக்கதோஷம்.

மலை மேல் இருக்கிற இந்தப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மொத்தம் இரண்டே அறை. கூரை ஒழுகும் இடங்களுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதற்குள் உட்காராமல் இருக்க. நான் தங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளை இங்கே கொண்டுவந்து நான் என்ன செய்ய? அதனால்தான் முட்டைக்கண்ணியை உன் வீட்டில் விட்டேன். உன்மேல் நம்பிக்கை வைத்து விடவில்லை. வேறு நாதியில்லை. அவள் அப்பா கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

அந்தக் குளவி விஷயத்தை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்கு மனசு ஆறும். தோட்டத்தில் வகுப்பு நடக்கும்போது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஸ்கேலால் குளவிக்கூட்டைக் குத்தியது. நான் மூன்று பாத்தி தள்ளி நின்றேன். ஓடி வருவதற்குள் அதன் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை திரும்பி வந்து அதே கூட்டைத்தான் தேடியது. பெற்றவர்களே மறந்துவிட்டார்கள். நீ மறக்கவில்லை. 'வகுப்பை வெளியே நடத்தி மாணவர்களைக் கவனிக்காமல் விட்ட ஆசிரியை' என்று மேலிடத்துக்கு எழுதினாய், என்னை இந்த மலைக்கு மாற்றிவிட்டார்கள். தலைமை ஆசிரியையாக எழுதினாயா, அக்காவாக எழுதினாயா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தோட்டத்தை மூடிவிடாதே. ஐந்தாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு தக்காளி போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் முதலில் விரல், அப்புறம் ஸ்கேல், கடைசியில் பென்சில். அதாவது விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்க வேண்டும், ஸ்கேலால் உயரம் அளக்க வேண்டும், பிறகு நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் மூன்று கட்டம்: ஈரம், உயரம், கண்டது. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது, யார் சொன்னாலும். இது ஒன்றுதான் நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

இங்கே சிக்னல் கிடைக்க பஸ் நிற்கும் இடம் வரை இறங்க வேண்டும். இறங்கி வந்து கூப்பிட்டாலும் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதேன்.

உன் தங்கை

*

ஜூன் 27

தங்கைக்கு,

போனில் உன் அழுகையைக் கேட்க எனக்கு நேரமில்லை. கடிதமே நல்லது, ஈரம் காய்ந்து வருகிறது.

குளவி விஷயத்தில் நடந்ததை எழுதினேன். நீ மூன்று பாத்தி தள்ளி நின்றாய் என்று இப்போது நீயே எழுதியிருக்கிறாய். நானும் அதைத்தான் எழுதினேன். சின்ன வயதிலிருந்தே நீ குழி தோண்டுவாய், நான் பின்னாலேயே வந்து மண் தள்ளி மூடுவேன். அப்பா உன்னைத்தான் கெட்டிக்காரி என்பார். மூடியவளை யாரும் எதுவும் சொன்னதில்லை. இந்தத் தடவை மட்டும் மூடாமல் விட்டேன், அவ்வளவுதான்.

தோட்டம் இருக்கிறது. என் ஆபீஸ் வாசல் மிதியடி வரைக்கும் இருக்கிறது. உன் அருமைப் பிள்ளைகள் மண் காலோடு உள்ளே வந்து, 'டீச்சர், புழு வந்திருக்கு, வந்து பாருங்க' என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். புழு பார்க்கவா நான் தலைமை ஆசிரியை ஆனேன்?

முட்டைக்கண்ணி சௌக்கியம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். முதல் வாரம் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து அழுது மூக்கைச் சிந்தினாள். அதனால் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது அழுவதில்லை. உன்னைக் கேட்பதும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. தோட்டத்தையே வகுப்பாக நடத்தும் பள்ளிகளில் ஒன்றை மாதிரிப் பள்ளியாகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். செப்டம்பர் 24, திங்கட்கிழமை ஆய்வு அதிகாரி வருகிறார். நம் பள்ளி தேறினால் தோட்டம் நடத்த ஆள் வேண்டும், அந்த ஆள் நீதான் என்று என்னால் எழுத முடியும். தேறாவிட்டால் முடியாது. புரிந்துகொள்.

அக்கா

*

ஜூலை 10

அக்கா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் பத்துத் தடவை படித்தேன். மற்றதையெல்லாம் ஒரு தடவைக்கு மேல் படிக்கத் தெம்பில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வாட்ச்மேனிடம் கொடுத்துவிடு, அவருக்கு என் எழுத்து பழக்கம். தண்ணீர் காலையில் மட்டும். அளக்கும்போது பிள்ளைகளை அவசரப்படுத்தாதே. தோட்டத்தில் நீ எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை, பக்கத்தில் நின்றால் போதும். செடி தப்பாக வளர்ந்தாலும் பாடம்தான், செத்தாலும் பாடம்தான். எழுதி வைத்தார்களா என்பதுதான் முக்கியம்.

முட்டைக்கண்ணி என்னைக் கேட்பது குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பொய்யாக இருந்தால் நல்லது. நிஜமாக இருந்தால் இனிமேல் எழுதாதே. தினமும் நான் தலை வாரிவிடும்போது அவள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஆடாமல் இருப்பதற்காம். இப்போது யார் தாடையைப் பிடிக்கிறாள்?

செப்டம்பர் 24-க்கு இன்னும் எழுபத்தாறு நாள். இங்கே சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

*

செப்டம்பர் 5

தங்கைக்கு,

உன் தோட்டம் போய்விட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இலையெல்லாம் சுருண்டு, அப்பளம் பொரித்தது போல ஆகிவிட்டது. இருபத்தெட்டில் இருபது அநேகமாகக் காலி. மிச்சம் எட்டும் நிற்கிறது, வளரவில்லை. உன் பிள்ளையின் செடி பதினோரு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது, மூன்று வாரமாக ஒரே எண்ணை எழுதுகிறாள். அவளிடம், 'ஏண்டி, தினமும் அதே பதினொண்ணுதானே, மண்டியிட்டு அளந்துதான் ஆகணுமா?' என்றேன். 'நாளைக்கு பன்னெண்டா இருந்தா என்ன பண்றது பெரியம்மா?' என்கிறாள். உன்னை மாதிரியே வாய்.

நீ சொன்னதெல்லாம் செய்தாயிற்று. வாட்ச்மேன் வேப்பெண்ணெய்கூட அடித்தார். பிரயோஜனமில்லை.

இந்தக் குப்பையை அதிகாரிக்குக் காட்டினால் என் பிழைப்பும் சேர்ந்து சிரிப்பாய்ச் சிரிக்கும். வரவேண்டாம் என்று எழுதிவிடட்டுமா? எழுதிவிட்டால் உன் கதை அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷமும் நிச்சயமில்லை. யோசித்து ஒரு வழி சொல். கெட்டிக்காரி நீதானே.

அக்கா

*

செப்டம்பர் 11

அக்கா,

எழுதாதே. தயவுசெய்து வரவேண்டாம் என்று எழுதிவிடாதே. ஒரு வழி இருக்கிறது.

விசேஷ வீடுகளுக்குச் செடி வாடகைக்கு விடுகிற நர்சரி ஒன்று உன் ஊர் பெரிய சாலையில் இருக்கிறது. அங்கே காய் பிடித்த தக்காளிச் செடிகள் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இருக்கும். இருபத்தெட்டு எடு. பையைக் கிழிக்காதே, திருப்பிக் கொடுக்க வேண்டும்; விளிம்பைத் தண்டைச் சுற்றி உள்ளே மடக்கிவிடு. பையோடு குழியில் இறக்கி மேலே மண்ணைத் தூவிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை செய், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பழைய செடிகளை அப்புறப்படுத்திவிடு. திங்கட்கிழமை காலையில் யாரும் அளக்க வேண்டாம், நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று சொல்லிவிடு.

ஒரே ஒரு நாள்தான் அக்கா. செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, புதுச் செடிக்குப் பூச்சி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் வந்தவுடன் உண்மையான தோட்டம் போட்டுவிடுகிறேன். இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ராத்திரி நாற்காலியை முட்டுக்கொடுக்கும்போது வெட்கம் வருவதில்லை, முட்டைக்கண்ணி ஞாபகம்தான் வருகிறது.

அவளிடம் எதுவும் சொல்லாதே. நான் சொன்னேன் என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடாதே.

உன் தங்கை

*

செப்டம்பர் 26

தங்கைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. நானும் வாட்ச்மேனும் இருபத்தெட்டுச் செடியையும் பையோடு இறக்கி மண் மூடினோம். என் இடுப்பு ஒடிந்துவிட்டது. உன் பிள்ளைகளின் சுருண்ட செடிகளைப் பிடுங்கிப் பின்சுவர் ஓரம் குவித்தோம். முட்டைக்கண்ணியை அன்று முழுக்க பள்ளி ஆயா வீட்டில் விட்டிருந்தேன். நிஜமாகச் சொல்கிறேன், வேலை முடிந்து பார்த்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. சிவப்புச் சிவப்பாகக் காய். ஒரு நிமிஷம் அது நம் தோட்டம்தான் என்று நானே நம்பினேன்.

திங்கள் காலை மணி அடித்ததும் வகுப்பில் சொன்னேன்: 'இன்னிக்கு யாரும் அளக்க வேண்டாம். நோட்ட கையில வச்சுக்கிட்டு அழகா நில்லுங்க.' இருபத்தேழு பேர் அழகாக நின்றார்கள்.

பத்து மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. 'அடேயப்பா, இதுவா வகுப்பு! எனக்கே படிக்கணும்போல இருக்கே' என்றார். படம் எடுத்து அங்கிருந்தே மேலே அனுப்பினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காருக்குப் போக வேண்டியவர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, 'யாராவது ஒருத்தர் நோட்ட வாசிச்சுக் காட்டுங்களேன்' என்றார். யார் கை தூக்கியது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அவள் வாசித்ததை வரி பிசகாமல் எழுதுகிறேன். மறக்க முடிந்தால்தானே. 'செப்டம்பர் இருபத்தி நாலு. ஈரம்: விரல் இரண்டாம் கணு வரை போகவில்லை. பக்கத்தில் விட்டாலும் போகவில்லை. உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது. உயரம்: வெள்ளிக்கிழமை பதினொன்று. இன்று ஐம்பத்து நான்கு. கண்டது: இது என் செடி இல்லை. என் செடி சுவர் ஓரம் குப்பையில் கிடக்கிறது. என் பெயர் எழுதிய குச்சி அதோடு இருக்கிறது.'

வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாராட்டுவேன் என்று நினைத்தாள்.

மணி அடிப்பதற்கு முன்பே வந்து அளந்திருக்கிறாள். விரல்! தினமும் விரல் விடச் சொல்லிக் கொடுத்தவள் நீ. பையோடு புதைக்கச் சொன்னவளும் நீ. இரண்டையும் சேர்த்து யோசிக்க உனக்குத் தோன்றவில்லை பார், இதுதான் உன் கெட்டிக்காரத்தனம்.

நல்லவேளை, அதிகாரி அம்மா குனிந்து தன் விரலை விட்டுப் பார்க்கவில்லை. நகத்துக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார். சுவர் பக்கம் போவதற்குள் டீ ஆறிவிடும் என்று ஆபீசுக்கு அழைத்துப் போய்விட்டேன். ஆனால் சிரிப்பு போய்விட்டது. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே எல்லாச் செடியையும் உன் பிள்ளையையே பிடுங்கி வேனில் ஏற்ற வைத்தேன். வகுப்பு முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து, 'நம்ம தோட்டம் போனதுக்கு யார் காரணம்?' என்று கேட்டேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஒரே குரலில் சொன்னார்கள். பை ஒவ்வொன்றும் நல்ல கனம். பத்தொன்பதாவது பையைக் கீழே போட்டாள். எடுக்க வைத்தேன். அழவில்லை. இருபத்தெட்டும் ஏற்றி முடித்துவிட்டு, நோட்டில் எழுதப் போனாள். பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது வேண்டியது இதுதான். அதிகாரிக்கும் வம்பு வேண்டாம், படம் மேலே போய்விட்டது. பிள்ளை தாயைப் பிரிந்த ஏக்கத்தில் இல்லாததை எழுதிவிட்டது என்று பெற்றவள் கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால் இதை இதோடு மூடிவிடுகிறேன் என்கிறார். அந்தப் பக்கத்தைப் பிள்ளையும் திருத்தி எழுத வேண்டும். சொன்னேன், மாட்டேன் என்கிறாள். 'அம்மா சொன்னா எழுதுறேன்' என்கிறாள். எழுதி அனுப்பு.

அக்கா

*

அக்டோபர் 3

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பத்து வயதுக் குழந்தையை இருபத்தெட்டு மண்பை சுமக்க வைத்த கையால் எனக்குக் கடிதம் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்களுக்குப் பிள்ளை இல்லாதது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன். எழுத்தில் சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் செய்தது சரி. நான் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்தாள். யார் சொன்னாலும் பார்க்காததை எழுதாதே என்றேன், எழுதவில்லை. இந்த உலகத்தில் ஒரு பிள்ளையாவது என் பாடத்தைக் கேட்டிருக்கிறது என்று இங்கே நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். அவள் பொய் சொன்னாள் என்று என் கையால் எழுத மாட்டேன். அதற்கு இந்த மலையிலேயே செத்துப் போகலாம்.

லீவு கேட்டிருக்கிறேன். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவியின் தாய்

*

அக்டோபர் 11

தங்கைக்கு,

மதிப்பும் மரியாதையும் கிடைத்தது. சந்தோஷம்.

பிள்ளை இல்லாதவள் என்று எழுதினாயே, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ எழுதிய எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். செப்டம்பர் 11-ஆம் தேதிக் கடிதமும் என் பீரோவில் இருக்கிறது. 'பையோடு குழியில் இறக்கி மேலே மண்ணைத் தூவிவிட்டால் யாருக்கும் தெரியாது.' உன் கையெழுத்து அழகு, எப்போதும் அப்படித்தான். யார் சொன்னாலும் எழுதாதே என்று பாடம் நடத்துகிறவள் எழுதியது.

அதை விளக்கத்தோடு சேர்த்து மேலே அனுப்பினால் எனக்கும் அடிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான். உனக்கு வேலை போகும். மகளைக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறாயே, எங்கே? தாழ்ப்பாள் இல்லாத அந்த அறைக்கா? வேலை போனால் அந்த அறையும் இல்லை.

அவள் விஷயத்தையும் தெரிந்துகொள். வகுப்பில் யாரும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை. கடைசி பெஞ்சில் தனியாக இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் சுவரோரம் போய், குப்பையில் கிடக்கிற அந்தக் காய்ந்த குச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் இருபத்தேழு பிள்ளைகளும் நாளைக்கே அவளோடு சேர்ந்து விளையாடும். உன் கடிதம் வராமல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

நேற்று என்னிடம் கேட்டாள்: 'பெரியம்மா, அந்தச் செடியெல்லாம் மாத்தினது நீங்களாவே பண்ணினதா? யாராவது சொன்னாங்களா?' நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உனக்கு லீவு கிடைக்காது. நானே மேலிடத்துக்கு எழுதி நிறுத்தியிருக்கிறேன்.

அக்கா

*

அக்டோபர் 20

அக்கா,

நீ ஜெயித்துவிட்டாய். அதிகாரிக்கு வேண்டிய கடிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'தந்தையை இழந்த குழந்தை, தாயையும் பிரிந்திருப்பதால் இல்லாததைக் கற்பனை செய்யும் பழக்கம் உண்டு.' படித்துப் பார், உனக்கு இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால் சேர்த்துக்கொள். இனிமேல் எனக்கென்ன.

முட்டைக்கண்ணிக்குத் தனியாக எழுத நாலு தாள் கிழித்தேன். கடைசியில் இங்கேயே எழுதுகிறேன், நீயே வாசித்துக் காட்டு. இதை மட்டும் நிதானமாக வாசி, உன் ஆபீஸ் குரலில் வாசிக்காதே.

'கண்ணு, அம்மா எழுதறேன். அன்னிக்கு நீ பாத்தது தப்பு. மண்ணு இறுகிப் போயிருக்கும், அதான் விரல் போகலை. அத நீ பிளாஸ்டிக்னு நெனச்சுட்ட. ஸ்கேலையும் தப்பா வச்சிருப்ப. சுவரோரம் கிடக்கறது வேற யாரோட செடியாவது இருக்கும். தப்பு பண்றது தப்பில்லடா தங்கம், பெரியவங்களுக்கே வரும். பெரியம்மா சொல்ற மாதிரி அந்தப் பக்கத்த திருத்தி எழுதிடு. எழுதினா அம்மா சீக்கிரம் வந்துடுவேன். அம்மா சொல்றேன்ல, எழுதிடு.'

அவ்வளவுதான். செப்டம்பர் 11 கடிதத்தை அவள் கண்ணில் காட்டிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். கிழித்தால் சொல், கிழிக்காவிட்டாலும் கிழித்துவிட்டேன் என்று எழுது.

வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடு. இன்றைக்கே சொல்லிவிடு.

தங்கை

*

நவம்பர் 8

தங்கைக்கு,

உனக்கு ஆர்டர் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை இங்கே வேலையில் சேர வேண்டும். மாதிரிப் பள்ளியாக நம் பள்ளியைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதிகாரி அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, 'பாவம் குழந்தை' என்றார். அதோடு முடிந்தது. சுவரில் போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு மூட்டையைக் கட்டு.

செப்டம்பர் 11 கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். காட்ட வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. அக்டோபர் 20 கடிதமே போதுமானதாக இருந்தது.

நிதானமாகத்தான் வாசித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், 'அம்மா இங்க இல்லையே பெரியம்மா. அவங்க எப்படிப் பாத்தாங்க?' என்றாள். 'அம்மா டீச்சர்டி, அவளுக்குத் தெரியும்' என்றேன். 'பாக்காதத எழுதக் கூடாதுன்னு அம்மாதானே சொன்னாங்க' என்றாள். 'இப்ப அம்மாதானே எழுதச் சொல்றா' என்றேன். கடிதத்தை வாங்கி உன் எழுத்துதானா என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். உன் எழுத்துதான்.

அந்தப் பக்கத்தை ரப்பரால் அழித்தாள். அழுத்தி அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. புதுத் தாள் ஒட்டிக் கொடுத்தேன். 'ஈரம்: சரியாக இருக்கிறது. உயரம்: ஐம்பத்து நான்கு. கண்டது: நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்.' குண்டு குண்டாக எழுதியிருக்கிறாள், வகுப்பிலேயே அதுதான் அழகான பக்கம். அதைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டச் சொல்லியிருக்கிறார் அதிகாரி.

வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அவளோடு பேசுகிறார்கள். அவள்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போது நல்ல விதையாக வாங்கிப் புதுப் பாத்தி போட்டிருக்கிறோம், முளைத்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் விரல் விட்டுப் பார்க்கிறார்கள், அளக்கிறார்கள். உன் பிள்ளை தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் என் ஆபீசுக்கு வருகிறாள். நோட்டைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு, 'இன்னிக்கு எவ்வளவு பெரியம்மா?' என்று கேட்கிறாள். முதல் நாள் கேலி பண்ணுகிறாளோ என்று நினைத்து ஓங்கி ஒன்று வைத்தேன். கேலியில்லை. நான் ஒரு எண் சொன்னால் எழுதிக்கொண்டு போகிறாள். சொல்லாவிட்டால் நிற்கிறாள். கையைப் பார்த்தேன், நகத்தில் மண்ணே இல்லை. நான் இத்தனை வருஷமாக எந்தப் பிள்ளை இப்படி இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தேனோ, அப்படி ஒரு பிள்ளை. ஆனால் அவள் வரும் நேரத்துக்கு இப்போதெல்லாம் நான் ஆபீசில் இருப்பதில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுகிறேன்.

உன் ஆர்டர் வந்த அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'உங்கம்மா திங்கக்கிழமை வந்துடுவாடி. சந்தோஷம்தானே?'

நோட்டைத் திறந்தாள். தேதி போட்டாள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

'என்ன எழுதணும் பெரியம்மா?'

நீ வந்து சொல்லிக்கொள்.

அக்கா